கரிப்பக்கம் மேலே

போன மாதம் என் பழைய இலாகாவிலிருந்து டெலிபோன் வந்தது. ஓய்வு பெற்றவனை இலாகா தேடினால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். கூட வேலை பார்த்தவர் யாராவது செத்திருப்பார். இல்லாவிட்டால் நான் மேற்பார்த்துக் கட்டிய எதுவோ விழுந்திருக்கும். இந்த முறை இரண்டும் இல்லை. கருத்தரங்காம். இடித்த கட்டடங்களின் பொருளை மறுபடியும் கட்டுமானத்தில் சேர்ப்பது பற்றி. அழைத்தது தேவி என்ற இளம் இன்ஜினியர்.

“அங்கிள், உங்க காலத்துல ரீசைக்கிளிங் எல்லாம் இருந்துச்சா?”

“நிறைய இருந்துச்சு மா. அதுக்குப் பேருதான் இல்ல” என்றேன்.

போனேன். குளிரூட்டிய அறை, திரையில் வண்ணப்படம், வட்டமாகத் தன் வாலைத் தானே துரத்தும் பச்சை அம்புகள். ஜன்னலுக்கு வெளியே, ரிங்கிட் மதிப்பு விழுந்ததில் பாதியில் நின்றுபோன அடுக்குமாடி ஒன்று கம்பிகளை வானத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. இருப்பதைக் கட்டி முடிக்கவே வழியில்லாத ஊரில், இடித்ததை என்ன செய்வது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் தேவி ஒரு கேள்வி கேட்டாள்: பழைய பொருளை மக்கள் ஏற்றுக்கொள்வார்களா, அதில் என் அனுபவம் என்ன?

“பொருளைப் பொறுத்தது. ஆளையும் பொறுத்தது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். உளறலைச் சுருக்கமாகச் சொன்னால் கை தட்டுகிறார்கள் என்பது நான் ஓய்வுக்குப் பிறகு கற்றுக்கொண்ட பாடம். அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதில் இது. கொஞ்சம் நீளம்.

நான் படித்தது கொஞ்சம், வாசித்தது நிறைய. இந்தச் சேர்க்கை எந்த உத்தியோகத்துக்கும் ஒத்துவராது. எழுபதுகளின் தொடக்கத்தில், பினாங்கில் ஒரு கட்டுமான இலாகாவில் டெக்னீஷியனாக நுழைந்தேன். பயிற்சி என்று ஒன்று நடந்தது. என் தலைக்குச் சின்னதான ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்து, “விழுறதுக்குக் கீழ நிக்காத லா” என்றார்கள். அவ்வளவுதான்.

என்னைப் போட்ட இடம் இடிபொருள் யார்டு. ஜார்ஜ் டவுனில் இலாகா இடிக்கும் பழைய கடைவீடுகள், குவாட்டர்ஸ்கள், கிடங்குகள் எல்லாம் லாரியில் ஏறி அங்கேதான் வந்து சேரும். செங்கல் ஒரு பக்கம், ஓடு ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம் என்று பிரிப்போம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் நல்ல பிள்ளை; இரண்டு தட்டு தட்டினால் காரை உதிர்ந்து, கல் முழுசாகக் கையில் வரும். சிமெண்டில் கட்டிய கல் கட்டியவனையே பிடித்துக்கொண்டு சாகும். உடைத்தால் இரண்டும் சேர்ந்துதான் உடையும். அதை நொறுக்கி, சல்லடையில் சலித்து, கம்பியும் மரத்துண்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, சாலைக்கு அடியில் போட்டு உருளையால் அமுக்குவோம். மாக் மண்டினில் தொழிற்சாலைகளுக்குப் போகும் பாதை ஒன்றின் அடியில் அப்படித்தான் ஒரு தெருவே கிடக்கிறது. யாரோ பிறந்து, வயசுக்கு வந்து, சண்டை போட்டுப் பிரிந்த அறைகளின் மேல் இன்றைக்கும் லாரிகள் போகின்றன. குலுக்கல்கூட இல்லை.

அந்த யார்டுக்கு மேலதிகாரியாக வந்தவர்தான் சிற்சபேசன் சார். யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா, தாத்தா ரயில்வேயில் கிராணி. இவர் ஒருவர்தான் தண்டவாளத்தை விட்டு இறங்கி இன்ஜினியர் ஆனவர். நெடுநெடு உயரம். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சிரித்தால் மீசைக்கு அடியில்தான் சிரிப்பார், வெளியே வராது.

அவர் வந்த புதிதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். துறைமுகத்துப் பக்கம் இடித்த ஒரு கிடங்கின் செங்கல்லை எடுத்து, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சிற்றுண்டிச் சாலை கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல் பார்க்க அழகு. ஆனால் மழைக்காலம் வந்ததும் சுவர் அழ ஆரம்பித்தது. வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பெயிண்ட் பொரிந்து, பூச்சு அப்பளம் மாதிரி கழன்று விழுந்தது. மறுபடி பூசினோம், மறுபடி பூத்தது.

சிற்சபேசன் சார் போய்ச் சுவரின் முன்னால் நின்றார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். சுவரின் ஒரு மூலையைத் துடைத்தார். குனிந்து, நாக்கு நுனியால் தொட்டார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு திரும்பி, கைக்குட்டையில் துப்பி, மடித்துப் பையில் வைத்தார்.

“நெத்திலி” என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“கருவாடு வைச்சிருந்த கிடங்கு. கல்லுக்குள்ளை உப்பு இறங்கியிருக்கு. நீர் எத்தினை தரம் பூசினாலும் அது வெளியிலை வரும். இது எந்தக் கட்டடத்துக் கல் எண்டு ஆருக்காவது தெரியுமோ?”

யாருக்கும் தெரியவில்லை. அதுதான் அவருக்குக் கோபம். உப்பு இருந்தது கூட இல்லை. கல்லுக்கு ஊர் தெரியாமல் போனது.

“தாய் தகப்பன் தெரியாத கல் இனி என்ரை சுவரிலை ஏறாது. விளங்குதோ, ராகவன்?”

யாழ்ப்பாணத்தார் பெண் பார்க்கும்போது கேட்கும் கேள்விகளை அவர் அன்றிலிருந்து செங்கல்லிடம் கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு குவியலுக்கும் முன்னால் ஒரு பலகை: எந்தத் தெரு, என்ன கட்டடம், உள்ளே என்ன வைத்திருந்தார்கள். கடலோரத்துக் கல் என்றால் தொட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, காயவைத்து, வெள்ளை பூக்கிறதா என்று பார்த்து, கடைசியில் அவர் நாக்கு ஒப்புதல் கொடுத்தால்தான் வெளியே போகும். யார் வந்து எந்தப் பொருளைக் கேட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்றால் சும்மா விடமாட்டார். ஆர்வக்கோளாறில் நானும் ஒருநாள் ஒரு கல்லை நக்கிப் பார்த்தேன். ஆட்டுக் கொட்டகைக் கல். பலகையை அப்புறம்தான் படித்தேன்.

அப்படி ஒரு மனிதருக்கு ஒரு மகள், ஒரே மகன். ஜெயந்தன். கெலுகோரில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். பிள்ளை வகுப்புக்கு நடந்தே போகட்டும் என்று சார் கெலுகோரில் ஒரு துண்டு நிலம்கூட வாங்கிப் போட்டிருந்தார். வீடு கட்டுவதற்குள் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். வாரம் முடிவதற்குள் போய்விட்டான்.

யார்டு ஆட்கள் எல்லோரும் போயிருந்தோம். அவர்கள் வழக்கத்தில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை, வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். மகேஸ்வரி அக்கா, சாரின் மனைவி, படலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதும், பிள்ளையை ஏற்றிய காடி தெருமுனையில் திரும்பும்வரை அந்தக் கை கம்பியை விடாததும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஆண்கள் பார்த்தது.

மயானத்தில் அப்போது இருந்தது பழைய எரிகொட்டகை. நான்கு பக்கமும் திறந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் செங்கால் மரம். செங்காலை இந்த நாட்டின் தேக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தேக்குக்கு அதைக் கண்டால் பயம். எத்தனையோ வருஷத்துப் புகை ஏறி உத்திரங்கள் கரிய எண்ணெய் பூசினதுபோல் பளபளத்தன. தீ மூட்டியதும் எல்லோரும் கீழே பார்த்தோம். சிற்சபேசன் சார் மட்டும் அண்ணாந்து உத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன்.

உத்திரத்தை அவர்கள் தீராந்தி என்பார்கள். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“அந்தத் தீராந்தியைப் பாரும். ஒரு வெடிப்பும் இல்லை.”

திரும்பி வரும்போது லாரியில் ஒருவன், “மகன் எரியிறான், இந்தாளு மரத்த இன்ஸ்பெக்ஷன் பண்றாரு. மனுசனா அண்ணே இவரு?” என்றான். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

வருஷங்கள் போயின. சார் ஓய்வு பெற்றார். அரசாங்க குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கைக்கு வந்ததையெல்லாம் போட்டுக் கெலுகோர் நிலத்தில் வீடு கட்டத் தொடங்கினார். அக்காவுக்கு அது முதல் சொந்த வீடு. கல்யாணம் ஆன நாளிலிருந்து குவாட்டர்ஸ் விட்டுக் குவாட்டர்ஸ் மாறி, ஆணி அடிக்கக்கூட இலாகாவைக் கேட்டு வாழ்ந்தவர். “தம்பி, இனி என்ரை சுவரிலை நான் நினைச்ச இடத்திலை ஆணி அடிப்பன்” என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது கையில் சுத்தியல் பிடித்த மாதிரி காட்டினார். மகன் போனபிறகு அவர் எதையாவது ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான்.

அதே சமயம் அந்த மயானக் கொட்டகையை இடித்து கான்கிரீட்டில் கட்டினார்கள். இடித்த மரம் என் யார்டுக்கு வந்தது. யார்டு அப்போது என் பொறுப்பு. சார் வகுத்த முறைப்படி, ‘மயானக் கொட்டகை’ என்று பலகை எழுதி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய எதற்கும் அவ்வளவு உடனடியான வரவேற்பு கிடைத்ததில்லை. மரத்துக்குப் பத்தடி தள்ளித்தான் ஆட்கள் நடந்தார்கள்.

லேலோங், அதாவது ஏலம், போட்டோம். பழைய மரம் வாங்கும் சீன முதலாளி, எங்களுக்குத் தவுக்கே, மரத்தைத் தட்டிப் பார்த்து, ஆசையாகத் தடவி, பிறகு பலகையைப் பார்த்தார். கை சுட்ட மாதிரி எடுத்துக்கொண்டார்.

“தவுக்கே, இரும்பு மாதிரி மரம். கரையான் நெருங்காது” என்றேன்.

“கரையான் நெருங்காது. ஆனா வேற ஆள் எல்லாம் நெருங்கும் லா, ராகவா!” என்று சிரித்துக்கொண்டே லாரியில் ஏறிவிட்டார். மலாய்க்காரக் காண்ட்ராக்டர் மரியாதையாகத் தலையாட்டி, வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நம்மவர்கள் வாசலுக்கே வரவில்லை. மூன்று இனமும் ஒரே குரலில் ஒன்றை வேண்டாம் என்று சொன்னதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

இரண்டாவது லேலோங்கும் அப்படியே போனது. அடுத்ததிலும் போகாவிட்டால் குப்பைமேட்டில் கொட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. மூன்றாவது லேலோங் அன்று காலை சிற்சபேசன் சாரின் பழைய மோரிஸ் காடி யார்டுக்குள் நுழைந்தது.

முழுக்கைச் சட்டை. பலகையைப் படித்தார். நேராக மரங்களிடம் போனார். நான்கு உத்திரங்கள் அடுக்கியிருந்தன. முதல் இரண்டையும் பார்க்காமல் மூன்றாவதின்மேல் உள்ளங்கையை வைத்தார். கைக்குட்டையை எடுப்பார், நக்கிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. ருசி பார்க்காமல் அவர் ஒரு பொருளை ஏற்றுக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

“நாலும் எனக்கு” என்றார். “ஹோலிலை சீலிங் போடாமல் விடப்போறன். நாலு தீராந்தியும் வடிவாத் தெரியும்.”

“சார்... அக்காவுக்குத் தெரியுமா?”

“கேட்டால் சொல்லுவன்.”

“கேக்காட்டி?”

“கேக்காட்டி, மரம் பாரம் தாங்கும். அதுதானே அதின்ரை வேலை.”

தச்சனிடம் அவரே விவரம் சொல்லிவிட்டார், முறை அப்படி. தச்சன் ஒருநாள் லீவு கேட்டான். மறுநாள் ரம்பத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிக்கொண்டு வந்து வேலையைத் தொடங்கினான். உத்திரங்களின் மூன்று பக்கத்தையும் இழைத்தபோது, கரிக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் வெளியே வந்தது. நான்காவது பக்கத்தில் இழைப்புளியை வைத்தபோது சார் தடுத்தார்.

“அந்தப் பக்கத்தைச் சீவ வேண்டாம். கரிப்பக்கம் மேலை வாறமாதிரிப் போடும். கூரைப்பக்கம் ஆருக்கும் தெரியாது.”

“சீவினா அழகா இருக்குமே சார்” என்றேன்.

“கரி நல்ல காப்பு, காணும். அதை ஏன் சீவி எறிவான்?”

இன்ஜினியரிங் பதில். நம்பினேன்.

அந்த வீடு எழும்ப எழும்ப அக்கா வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார். ஹாலின் நடுவில் நின்று அண்ணாந்து, “என்ன வடிவான மரம், தம்பி! பொன் மாதிரி இருக்கு” என்பார். நான் ஜன்னல் அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன். அவர் கேட்காமல் இருக்கும் ஒரு கேள்வியின் மேல்தான் அந்த முழுக் கட்டடமும் உட்கார்ந்திருந்தது. கேட்டால் சார் சொல்லிவிடுவார். சொன்னால் அக்கா அங்கே ஒருநாள் தூங்கமாட்டார். எந்தக் கட்டடத்துக்கும் நான் அவ்வளவு பயந்ததில்லை, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலை உட்பட.

புதுவீட்டுக் குடிபூரலன்று பால் பொங்கியது. ஓய்வுபெற்ற கிராணிகள் எல்லோரும் வந்து, ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பென்ஷன் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா பட்டுச்சேலையில், பலகாரத் தட்டோடு எல்லோரிடமும் போய்க்கொண்டிருந்தார். சுவரில் சாமி படம் ஒன்று புதிதாக மாட்டியிருந்தது. ஆணியை அவரே அடித்திருக்கிறார். படம் கொஞ்சம் கோணல்.

தைப்பிங்கிலிருந்து வந்திருந்த அக்காவின் அண்ணன் அண்ணாந்து பார்த்தார்.

“மச்சான், இந்தக் காலத்திலை இப்பிடி மரம் எங்கை கிடைக்குது? பகாங் காட்டிலை இருந்தோ?”

சார் வாயைத் திறப்பதற்குள் அக்கா சிரித்தார். “எனக்கே இன்னும் சொல்லேல்லை, அண்ணை. இஞ்சருங்கோ, எங்கை எடுத்தனீங்கள்?”

என் வாயில் வடை. விழுங்கிவிட்டு எழுந்தேன். “சார், தண்ணி டேங்க் நிறைஞ்சு ஊத்துது போல, கொஞ்சம் வந்து பாருங்க!”

“டேங்கைப் பேந்து பாப்பம், ராகவன்” என்றார் சார். “இவ கேக்கிறா.”

பிறகு பலகையை வாசிக்கிற குரலில் சொன்னார்:

“மயானத்துப் பழைய கொட்டகை. இடிச்சதிலை எடுத்தது.”

பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ பலகாரத்தைத் தட்டில் திருப்பி வைத்த சத்தம் கேட்டது. அக்கா சாரைப் பார்த்து, மெதுவாக ஒன்று கேட்டார்:

“எங்கட பிள்ளையைக் கொண்டுபோன கொட்டகையோ?”

“ஓம்.”

அக்கா தட்டைக் கீழே வைத்தார். அது சாயாமல் சரிபார்த்து வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணனின் காடிக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். பட்டுச்சேலையோடு, அந்த வெயிலில், கண்ணாடியைக்கூட இறக்காமல்.

விருந்தாளிகள் முற்றத்துப் பைப்பில் வரிசையாகக் கால் கழுவிவிட்டுக் கிளம்பினார்கள். சாம்பார் வாளி அப்படியே மிச்சம். அதை நான்தான் வீட்டுக்கு எடுத்துப்போனேன். நல்ல சாம்பார்.

அக்கா திரும்பி வரவேயில்லை. சிம்பாங் அம்பாட்டில் இருந்த மகள் சுகந்தியின் வீட்டுக்குப் போனார்; அங்கேயே இருந்துவிட்டார். சண்டை என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சார் படகேறி அக்கரைக்குப் போவார். மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார். மருந்து, மழை, பேரப்பிள்ளையின் பல் எல்லாம் பேசுவார்கள். வீட்டைப் பற்றி இருவரும் பேசமாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் சார் எழுந்து படகுக்குப் போவார்.

நானும் கெலுகோர் பக்கம் போகும்போது அவரைப் பார்ப்பேன். அவ்வளவு பெரிய ஹாலில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ. ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

“பகாங் காடுன்னு சொல்லியிருக்கலாமே சார். ஒரு வார்த்தை.”

“பலகை எழுதின ஆள் நீர். நீர் கேக்கிற கேள்வியே இது?”

“சரி, வாங்காமலாச்சும் விட்டிருக்கலாம்.”

அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

“வாங்காட்டி அது எங்கை போயிருக்கும்?”

“குப்பைமேட்டுக்கு.”

“ஓம்” என்றார். கரண்டியைப் பீரிசில் வைத்தார். சாய்ந்து, மேலே பார்த்தார். மூன்றாவது உத்திரம் அவர் நாற்காலிக்கு நேர் மேலே இருந்தது. நாற்காலியை எங்கே போட்டிருக்கிறார் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

“இவ்வளவு வருசம், ராகவன். இன்னும் ஒரு வெடிப்பு இல்லை.”

நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். லாரியில் வந்தபோது “மனுசனா இவரு” என்று கேட்டவன் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தான். இருந்திருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

சில வருஷங்களில் சாரும் போனார். அந்த நாற்காலியிலேயே. சாவீடு சிம்பாங் அம்பாட்டில், மகள் வீட்டில். அக்கா இந்த முறையும் படலையோடு நின்றார். எரித்தது இக்கரையில், அதே மயானத்தில். புதுக் கொட்டகையில் தீ மூட்டியதும், நான் யோசிக்காமலே அண்ணாந்து பார்த்தேன். குழல்விளக்கு ஒன்று மினுக்கியது. புறாக்கூடு. கான்கிரீட்டில் மூலைக்கு மூலை வெடிப்பு. அவருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சுகந்தி வீட்டை விற்றாள். பேய்வீடு என்று பேர் வாங்கிய வீட்டை யார் வாங்குவார்கள்? நிலத்துக்காக ஒரு வீட்டுமனை கம்பெனி வாங்கியது. அடுக்குமாடி கட்டப்போவதாகச் சொல்லி வீட்டை இடித்தது. இடித்து முடித்த கையோடு ரிங்கிட்டும் விழுந்தது. இப்போது அங்கே வீடும் இல்லை, மாடியும் இல்லை. தகரவேலி, லாலான் புல், மூலையில் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் நான்கு உத்திரங்கள். வாட்ச்மேன் மட்டும் இருக்கிறார். எதைக் காவல் காக்கிறார் என்று அவருக்கும் தெரியாது.

கருத்தரங்குக்கு இரண்டு வாரம் முன்னால் சுகந்தி கூப்பிட்டாள். “அங்கிள், அம்மா உங்களோட அங்க ஒருக்கா போகணுமாம். என்னைக் காடியிலயே இருக்கச் சொல்றாங்க.”

போனோம். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தகரவேலியின் இடைவெளியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நுழைந்தார். நடக்கும்போது ஒருமுறை நின்றார்.

“ஹோல் இதிலையோ, தம்பி?”

“ஆமாக்கா. இங்கதான்.”

“நான் ஒரு ஆணி அடிச்சனான்” என்றார். பிறகு நடந்தார்.

தார்ப்பாயை விலக்கினேன். உத்திரங்கள் இறக்கி வைத்தபடியே கிடந்தன. சீவாத பக்கம் மேலே. மழையும் வெயிலும் படாததால் கரி அப்படியே இருந்தது. சீவிய பக்கத்தை மட்டும் கண்டிருந்த அக்கா, இதைப் பார்த்ததில்லை.

“இதென்ன கறுப்பு?”

“கரிக்கா. அங்க உள்ள புகை. சார் அத மட்டும் சீவ விடல.”

வேலிக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போய் மறைந்தது.

“எங்களை அங்கை விடமாட்டினம் தானே” என்றார் அக்கா. “எப்பிடி இருக்கும் எண்டுகூட எனக்குத் தெரியாது. பிள்ளை எந்த இடத்திலை... மேலை என்ன இருந்தது, மழை பெஞ்சால் ஒழுகுமோ... ஒண்டும் தெரியாது. இவரைக் கேக்கவும் எனக்குப் பயம். கேட்டால் சொல்லிப்போடுவார்.”

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: “எது, தம்பி?”

நான் மூன்றாவதைக் காட்டினேன், சாரின் நாற்காலிக்கு நேர் மேலே இருந்ததை.

மண்டியிட முடியாத முழங்காலோடு, அக்கா என் கையைப் பிடித்துக் குனிந்தார். உள்ளங்கையை முழுதாக அந்தக் கரிமேல் வைத்தார். சார் யார்டில் வைத்த அதே மாதிரி. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நிமிர்ந்தபோது கை கன்னங்கரேலென்று இருந்தது.

மயானத்துச் சம்பந்தம் எது பட்டாலும் கழுவாமல் படியேறாத வீடு அவர்களுடையது. வாட்ச்மேன் குடிசையோரம் பைப் இருந்தது. நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன்.

“அக்கா, தண்ணி வருது. கையக் கழுவிட்டுப் போங்க.”

அக்கா பைப்பைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

“வேண்டாம், தம்பி” என்றார். விரல்களை மெல்ல மடக்கி மூடிக்கொண்டு, காடியை நோக்கி நடந்தார்.